சில்லறை

ஹட்டனில், பஸ் நிலையத்துக்கு எதிரே,
இல்யாஸ் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு ஜன்னல்.
பத்து மணிவரை ஜன்னல் முழுக்கப் பனி.

மடிக்கணினியில் ஒரு ஃபோல்டர். பெயர் சில்லறை.
பையில் குலுங்கிக்கொண்டு கிடந்து
அவசரத்துக்குக் கைகொடுக்கிறவை:
பத்து வரி, ஆறு வரி, சிலது ஒரே வரி.

கலியாணப் படங்களைச் சிறிதாக்கி வரிசை எண் போடுவது ஒன்று.
எழுநூறையும் நாலு நிமிடத்தில் முடித்தது.
மாப்பிள்ளை கண் மூடியிருந்ததற்கு
அது பொறுப்பல்ல.

லைன் அறுந்தால் பொறுத்திருந்து
மறுபடி தட்டிப் பார்ப்பது இன்னொன்று.
இரண்டு நொடி, பிறகு நான்கு, பிறகு எட்டு.
கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போகிறவர்களுக்கும்
இதே கணக்கு பொருந்தும்.

பழைய கோப்புகளை அழிப்பதன் தலையில்
'ஓட்டுமுன் நில்' என்று எனக்கே எழுதி வைத்திருக்கிறேன்.
ஒருமுறை நிற்கவில்லை.
அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

தசமத்தை வெட்டுகிறது நாலு வரி.
கீழே கடையில் ஆணி நிறுக்க எழுதியது.
"பொடிக் கணக்குக்கெல்லாம் சண்டை வேணாம் தங்கச்சி,
முழுசுக்கு மட்டும் காசு எடு,
மிச்சம் வாங்குறவங்களுக்கு" என்றார் நானா.
வெட்டினேன். வேலை செய்தது. சேமித்தேன்.

பிறகு ஒரு தோட்டக் கம்பெனிக்குக்
கொழுந்து நிறுக்கும் செயலி.
தராசிலிருந்து நேரே போனுக்கு.
கொடுக்கவேண்டிய நாள், அடைமழை,
கரண்ட் வருவதும் போவதுமாக.
சில்லறையைத் திறந்தேன். கொப்பி. பேஸ்ட்.
சோதனை எல்லாம் பச்சை.
பச்சையைப் பார்த்தால் நான் தூங்கிவிடுவேன்.

பதினொரு மாதம் கழித்து, நோர்வூட் பஸ்ஸில்,
பக்கத்து ஆசனத்துப் பெண்
போனை என் பக்கம் நீட்டினார்.
"இத வாசிச்சு சொல்லுங்க மிஸ்."

புஸ்பலீலா. காலை ஐந்து. பகல் ஆறு. அந்தி ஐந்து.
மொத்தம் பதினாறு. அரைப் பேர்.

"தராச நான் பாத்தேனே.
அஞ்சு எண்ணூறு, ஆறு எழுநூறு, அஞ்சு தொள்ளாயிரம்.
பதினெட்டு தாண்டிருச்சுல்ல?
முந்தி ஈரம்னு வெட்டுவாங்க, சாக்குன்னு வெட்டுவாங்க,
கணக்கப்பிள்ளைய வாய் நெறய திட்டலாம்.
இப்ப மெசின்ங்கிறாங்க.
யாரத் திட்டுறது?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன்.
ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன்.
என் நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கி
மழையில் நடந்தேன்.

திருத்த ஒரே சொல் போதும்.
மூன்று நொடி.
நாளைக்குத்தான் அது உதவும், நேற்றைக்கு உதவாது.
விடிய விடிய உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதினேன்.
மூன்று நிறுவையையும் உள்ளபடி கூட்டு,
பதினெட்டைத் தொட்டதா பார்,
தொட்டிருந்தால் முழுப் பேர் போடு.
நாற்பத்தொரு வரி.
இரண்டாயிரத்து முன்னூற்று ஆறு அரைப் பேர்கள்
எழுந்து முழுதாக நின்றன.

கம்பெனிக்கு அனுப்பினேன்.
நன்றி, என்று தொடங்கியது பதில்.
முடித்த மாதங்களைத் திறக்கும் வழக்கமில்லை, என்று முடிந்தது.
மறுபடி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து.
பிறகு நான்கு. பிறகு எட்டு.

இன்றைக்குக் கீழே போய் எல்லாவற்றையும் அச்செடுத்தேன்.
ஐம்பத்திரண்டு தாள்.
நானா ஐம்பதுக்குத்தான் காசு எடுத்தார்.
வழக்கம் போலத்தான்.
எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நாலரை பஸ். தாள்கள் மடியில்.
முப்பத்தெட்டாம் தாளில், மேலிருந்து ஒன்பதாவது வரியில்,
புஸ்பலீலா, பதினெட்டு தசம் நான்கு.
அவர் எங்கே ஏறுவார் என்று நான் அன்று கேட்கவில்லை.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.